இரண்டு கம்பிக்குள் ஒரு கழித்தல் கணக்கு: ஆர்எஸ்-485 இணைப்புகள் எங்கே தவறுகின்றன

கோலாலம்பூரின் பன்மாடிக் குடியிருப்புகளில் மின்மானிகள், தண்ணீர்ப் பம்புகள், குளிரூட்டிகள் ஆகியவற்றின் அளவுகளைத் தரைத்தள அலுவலகத்துக் கணினியிலேயே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இப்போது சாதாரணமாகிவிட்டது. பினாங்கில், 1972-இல் தொடங்கப்பட்ட பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு இது இன்னும் பழைய சங்கதி. இப்படிப்பட்ட ஏற்பாடுகள் பலவற்றில் தகவலைச் சுமந்து செல்வது ஆர்எஸ்-485 என்னும் தொடர்நிலை இணைப்பு. ஒரு ஜோடிக் கம்பியை மாடி மாடியாக இழுத்து, ஒவ்வொரு கருவியிலும் ஏ, பி என்ற இரண்டு முனைகளில் மாட்டினால் முடிந்தது என்றுதான் இதைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுகிறது.

மேசையில் வைத்துப் பார்க்கும்போது அது உண்மையாகவே இருக்கும். அதே கருவிகளைக் கட்டடத்தில் பொருத்தியதும் சில மானிகள் பதில் சொல்லும், சில சொல்லாது. காலையில் சரியாக இருந்த இணைப்பு, பம்பு ஓடத் தொடங்கியதும் தடுமாறும். அந்நேரத்தில் மூன்று வைத்தியங்கள் சொல்லப்படுகின்றன: ஏ-யையும் பி-யையும் மாற்றிப் போடு, கடைசியில் 120 ஓம் ரெசிஸ்டர் போடு, கன்வெர்ட்டரை (கணினியை இந்தக் கம்பியோடு இணைக்கும் மாற்றுக் கருவியை) மாற்று. மூன்றுமே ஏதோ ஒரு கோளாறுக்குச் சரியான மருந்துதான். எந்தக் கோளாறுக்கு எது என்பதை அறியாமல் வரிசையாக முயல்வதால்தான் நாட்கள் வீணாகின்றன.

## ஒற்றைக் கம்பி முறையின் வரம்பு

ஆர்எஸ்-485-ஐப் புரிந்துகொள்ள, அதற்கு மூத்த ஆர்எஸ்-232-இலிருந்து தொடங்குவது நல்லது. 1960-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட அந்தத் தரத்தில், தகவல் ஒரே கம்பியில் செல்கிறது. அந்தக் கம்பியின் மின்னழுத்தம் எவ்வளவு என்பது பொதுக் கம்பியான கிரவுண்டை வைத்து அளக்கப்படுகிறது. அனுப்பும் கருவி 5 முதல் 15 வோல்ட் வரை நேர்மறையாகவோ எதிர்மறையாகவோ தருகிறது. பெறும் கருவி 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 0 என்றும், எதிர்மறை 3 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் 1 என்றும் எடுத்துக்கொள்கிறது.

இங்கே ஓர் அடிப்படைப் பலவீனம் இருக்கிறது. கிரவுண்டு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கிறது என்பது அனுமானமே தவிர உண்மையன்று. அந்தக் கம்பி வழியாகவும் மின்னோட்டம் ஓடுகிறது; ஓடினால் அதன் இரு முனைகளுக்கிடையே சிறு மின்னழுத்தம் தோன்றும். அருகிலுள்ள மின்கேபிள் கிளப்பும் இரைச்சலும் தகவல் கம்பியில் வந்து ஏறும். பெறும் கருவிக்குத் தகவல் எது, வந்து ஒட்டியது எது என்று பிரித்தறிய வழியில்லை. அதனால் ஆர்எஸ்-232 ஏறத்தாழ 15 மீட்டருக்கு ஏற்றது என்று கருதப்பட்டது. குறைந்த வேகத்தில் அதைவிட நீளமாகவும் ஓட்டலாம். ஆனால் இருபது மாடிக்கு ஓட்டுவது சூதாட்டம்.

## கழித்துப் பார்க்கும் உத்தி

டிஃபரென்ஷியல் முறை, அதாவது வேறுபாட்டுச் சமிக்ஞை முறை, இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகுகிறது. தகவல் இரண்டு கம்பிகளில் செல்கிறது. ஒன்று உயரும்போது மற்றது தாழ்கிறது. பெறும் கருவி எந்தக் கம்பியையும் தனியாக அளப்பதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, வரும் விடையின் குறியை மட்டும் பார்க்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் கம்பியில் 3.5 வோல்ட், இரண்டாவதில் 1.5 வோல்ட் என்றால் வேறுபாடு 2 வோல்ட். வழியில் ஒரு பம்பு மோட்டாரின் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் சமமாக 4 வோல்ட் ஏற்றிவிட்டது என்று கொள்வோம். இப்போது 7.5, 5.5, வேறுபாடு அப்போதும் 2 வோல்ட்தான். தகவலைவிட இருமடங்கு பெரிய இரைச்சல் கழித்தலில் காணாமல் போய்விட்டது.

1983-இல் வெளிவந்த ஆர்எஸ்-485 தரம் இதற்குத் தாராளமான இடைவெளி விட்டிருக்கிறது. அனுப்பும் கருவி முழுச் சுமையிலும் குறைந்தது 1.5 வோல்ட் வேறுபாடு தர வேண்டும். பெறும் கருவிக்கு 0.2 வோல்ட் வேறுபாடு வந்து சேர்ந்தாலே போதும். மீதம் 1.3 வோல்ட்டைக் கேபிளின் நீளமும் இணைப்புகளின் குறைபாடும் தின்றுவிட அனுமதி உண்டு. குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போக முடிவது இதனால்தான்.

பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே திருத்திவிட வேண்டும். இரு கம்பிகளிலும் சமமும் எதிருமான மின்னழுத்தம் செல்வதால்தான் இரைச்சல் நீங்குகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அது துணைக் காரணம்கூட இல்லை. இரைச்சல் நீங்குவதற்கு வேண்டியது, அது இரண்டு கம்பிகளிலும் *ஒரே அளவில்* வந்து ஏறுவது. அதற்கு இரண்டு கம்பிகளும் சுற்றுப்புறத்துக்கும் கிரவுண்டுக்கும் ஒரே மாதிரியான மின்னெதிர்ப்பைக் காட்ட வேண்டும்; ஒரே பாதையில் செல்ல வேண்டும்; ஒரே நீளம் இருக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் முதல் கம்பியில் 4 வோல்ட்டும் இரண்டாவதில் 1.5 வோல்ட்டும் ஏறியிருந்தால், கழித்தலுக்குப் பிறகும் 2.5 வோல்ட் பிழை தங்கிவிடும். இரைச்சல் எதிர்த்திசையில் ஏறும் நொடியில் 2 வோல்ட் தகவல் தலைகீழாகிவிடும். இந்தச் சமநிலை எங்கே கெடுகிறது என்று தேடுவதே கேபிள் வேலையில் பாதி.

## முறுக்கு எதற்கு

இரண்டு கம்பிகள் பக்கத்துப் பக்கத்தில் நேராக ஓடினால், மின்கேபிளுக்கு அருகிலுள்ள கம்பியில் சற்று அதிகமாகவும் தள்ளியுள்ளதில் சற்றுக் குறைவாகவும் இரைச்சல் ஏறும். அவற்றை முறுக்கினால் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் அருகும் தொலைவும் இடம் மாறுகின்றன. மொத்தத்தில் இரண்டும் சமமாகிவிடுகின்றன. முறுக்கிய ஜோடிக்கு அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881-இலேயே காப்புரிமை பெற்றார். தொலைபேசிக் கம்பியில் பக்கத்துக் கம்பியின் பேச்சு கேட்காமலிருக்க அன்று கண்ட வழியே இன்றும் வலைப்பின்னல் கேபிளுக்குள் இருக்கிறது. யுஎஸ்பி, ஈதர்நெட், வாகனங்களில் ஓடும் கேன் ஆகியவையும் வேகத்திலும் மின்னழுத்தத்திலும் வேறுபட்டாலும் இதே குடும்பம்தான்.

முறுக்கு இருந்தும் பயனில்லாமல் போகும் ஓர் இடத்தை அருகில் சென்று பார்ப்போம். ஆர்எஸ்-485-க்குக் கணினி வலைப்பின்னலுக்கான கேட்-5 கேபிளைப் பயன்படுத்துவது இங்கே வழக்கம். கோலாலம்பூர் ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளில் கேட்டால் கையில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். அதன் வெளியுறையை உரித்தால் நான்கு ஜோடிகள் தெரியும்: ஆரஞ்சும் ஆரஞ்சுக்கோடிட்ட வெள்ளையும், பச்சையும் பச்சைக்கோடிட்ட வெள்ளையும், அப்படியே நீலம், பழுப்பு. மாடிகளுக்கிடையே கேபிள்கள் ஏறிச்செல்லும் மங்கலான ரைசர் அறையில் நான்கு வெள்ளைக் கம்பிகளும் ஒன்றுபோலவே தெரிவதால், பொருத்துபவர் அவற்றை விட்டுவிட்டு, நன்றாகத் தெரியும் ஆரஞ்சை ஏ-க்கும் பச்சையை பி-க்கும் மாட்டிவிடுகிறார். மீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டு கம்பிகளும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அறுபடாமல் இருக்கின்றன. ஆனால் ஏ ஒரு ஜோடியில் வெள்ளையோடு முறுக்கியிருக்கிறது. பி வேறொரு ஜோடியில். நான்கு ஜோடிகளின் முறுக்கு நெருக்கமும் வேண்டுமென்றே வெவ்வேறாக வைக்கப்பட்டிருப்பதால், இந்த இரண்டு கம்பிகளும் ஒன்றுக்கொன்று அந்நியம். அவற்றில் ஏறும் இரைச்சல் சமமாக இருக்காது.

ஈதர்நெட் முனையை நசுக்கிப் பொருத்தும்போதும் இதே பிழை நேரும். எட்டு ஊசிகளில் 3-உம் 6-உம் ஒரு ஜோடி, 4-உம் 5-உம் ஒரு ஜோடி. வரிசையாக இரண்டிரண்டாக வைத்துவிட்டால் 3-உம் 6-உம் வெவ்வேறு ஜோடிகளுக்குப் போய்விடும். இரு முனைகளிலும் அதே வரிசை இருப்பதால் விளக்கு எரியும் சோதனைக் கருவி எட்டையும் சரி என்றே காட்டும். அந்தக் கருவி பார்ப்பது தொடர்ச்சியை மட்டும்தான், ஜோடியை அன்று.

## பேசப்படாத மூன்றாவது கம்பி

ஆர்எஸ்-485 இரண்டு கம்பி இணைப்பு என்று சொல்வதில் உள்ள பெரிய ஆபத்து இங்கே இருக்கிறது. கழித்தல் எவ்வளவு பெரிய இரைச்சலையும் நீக்கும் என்றால், கிரவுண்டே தேவையில்லையே என்று தோன்றும். தேவை. கழிக்கும் வேலையைச் செய்வது ஒரு சிறிய சிப்பு. அதற்கும் தாங்கும் எல்லை உண்டு. தரத்தின்படி ஒவ்வொரு கம்பியும் பெறும் கருவியின் கிரவுண்டைவிட எதிர்மறை 7 வோல்ட்டுக்குக் கீழேயோ நேர்மறை 12 வோல்ட்டுக்கு மேலேயோ போகக் கூடாது. இந்த எண்கள் வந்த விதம் எளியது. 5 வோல்ட்டில் இயங்கும் அனுப்பும் கருவியின் கம்பிகள் 0 முதல் 5 வரை இருக்கும். இரு கருவிகளின் கிரவுண்டுகளுக்கிடையே மேலும் கீழும் 7 வோல்ட் வேறுபாட்டை அனுமதித்தால், ஒரு பக்கம் எதிர்மறை 7, மறுபக்கம் 12.

ஆகவே கிரவுண்டுகளின் வேறுபாடு 7 வோல்ட்டுக்குள் என்றால் கழித்தல் நடக்கும். அதைத் தாண்டினால் சிப்பு குழம்பும், அல்லது எரியும். ஒரே அறைக்குள் இந்த எல்லையைத் தொடுவது அரிது. ஆனால் இருபதாம் மாடிக் கருவியும் தரைத்தளக் கருவியும் வெவ்வேறு மின்பலகைகளிலிருந்து மின்சாரம் பெறும்போதும், தொழிற்சாலையின் இரண்டு கட்டடங்களுக்குத் தனித்தனி எர்த்து இருக்கும்போதும், அது எளிதில் தாண்டப்படும். பம்பு மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டர் இயங்கும் நேரத்தில் மட்டும் தடுமாற்றம் வருகிறது என்றால் முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும்.

மருந்து, கருவிகளின் பொது முனைகளை, அதாவது கிரவுண்டுகளை, இணைக்கும் மூன்றாவது கம்பி. ஆர்எஸ்-485 மேல் ஓடும் மோட்பஸ் நெறிமுறையின் ஆவணமே இந்தப் பொதுக் கம்பியைக் கட்டாயமாகக் கேட்கிறது. நடைமுறையில் அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். கேட்-5-இல் மீதமுள்ள ஒரு ஜோடியை இதற்குக் கொடுத்துவிடலாம், கூடுதல் செலவே இல்லை. பெரிய மின்னோட்டம் இதன் வழியே சுற்றாமலிருக்க, ஒவ்வொரு கருவியிலும் தொடராக 100 ஓம் வைப்பது பழைய பழக்கம்.

தனிமைப்படுத்தப்பட்ட கன்வெர்ட்டர் வாங்கிவிட்டோம், இனிக் கிரவுண்டு வேண்டாம் என்பது இன்னொரு தவறு. தனிமைப்படுத்தல், கணினிப் பக்கத்துக் கிரவுண்டையும் கேபிள் பக்கத்துக் கிரவுண்டையும் பிரிக்கிறது. கேபிள் பக்கத்துக்கென்று ஒரு கிரவுண்டு அப்போதும் இருக்கிறது. அதை மற்றக் கருவிகளோடு இணைக்காவிட்டால் அது எங்கே வேண்டுமானாலும் மிதக்கும். பொதுக் கம்பி எல்லாக் கருவிகளையும் தொட வேண்டும். எர்த்தை ஒரே ஓர் இடத்தில் மட்டும் தொட வேண்டும்.

மலேசியாவின் மேற்குக் கரையில் பருவமாற்ற மாதங்களில் மாலைதோறும் இடியும் மின்னலும் வருவது நாமறிந்ததே. அருகில் மின்னல் இறங்கினால் இரு கட்டடங்களின் எர்த்துகளுக்கிடையே ஒரு கணம் ஆயிரக்கணக்கான வோல்ட் தோன்றலாம். 7 வோல்ட்டைத் தாங்கும் சிப்புக்கு அந்தக் கணமே போதும். கட்டடத்துக்குக் கட்டடம் செம்புக் கம்பி இழுப்பதைவிட ஒளியிழைக் கேபிள் போடுவதே என் தேர்வு. முடியாவிட்டால் இரு முனைகளிலும் தனிமைப்படுத்தலும் மின்னெழுச்சித் தடுப்பானும் வேண்டும்.

## ஏ எது, பி எது

இந்தக் குழப்பத்துக்குப் பொருத்துபவர்களைக் குறைசொல்ல முடியாது. யாரும் எதுவும் அனுப்பாமல் கம்பி ஓய்வாக இருக்கும் நிலையில், தரத்தின் எழுத்துப்படி ஏ முனை பி-யைவிட எதிர்மறையாக இருக்க வேண்டும். ஆனால் பரவலாகப் பயன்படும் பல சிப்புகளின் தயாரிப்பாளர்கள், அதே ஓய்வு நிலையில் நேர்மறையாக இருக்கும் முனைக்கு ஏ என்று பெயரிட்டிருக்கிறார்கள். கருவி செய்பவர்களில் சிலர் தரத்தைப் பின்பற்றுகிறார்கள், சிலர் சிப்பின் பெயரை அப்படியே பெட்டியில் அச்சிடுகிறார்கள், சிலர் பிளஸ், மைனஸ் என்று போட்டு இந்தச் சண்டையிலிருந்து விலகிவிடுகிறார்கள். ஆகவே ஒரு நிறுவனத்தின் ஏ-யை மற்றொரு நிறுவனத்தின் ஏ-யோடு இணைப்பது சரியாகவும் இருக்கலாம், தலைகீழாகவும் இருக்கலாம்.

மாற்றிப் போட்டுப் பார்ப்பதால் எதுவும் எரியாது. எனவே அந்த வைத்தியம் தவறில்லை. ஆனால் அது எந்த நோய்க்கு என்பது முக்கியம். கம்பி தலைகீழாக இருக்கும் கருவி *ஒருபோதும்* பேசாது. காலையில் பேசிவிட்டு மாலையில் நிறுத்தாது. விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு ஏ, பி மாற்றிப் போடுவது, காய்ச்சலுக்குக் கண்ணாடி மாற்றுவதைப் போன்றது.

பெயரை நம்பாமல் அளந்து பார்ப்பதே நல்லது. கருவியைக் கேபிளிலிருந்து கழற்றி, மின்சாரம் கொடுத்து, இரு முனைகளுக்கிடையே அளந்தால், ஓய்வில் எது நேர்மறையாக நிற்கிறதோ அதுவே பிளஸ். ஓய்வில் கம்பிகளை ஒரு நிலையில் இழுத்து வைக்கும் ரெசிஸ்டர் உள்ளே இல்லாத கருவிகளில் இந்த அளவு தெளிவாக வராது. அங்கே மாற்றிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

## எதிரொலியும் 120 ஓமும்

கேபிளில் மின்துடிப்பு ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 நானோ வினாடி ஆகிறது. கடைசி முனையில் கேபிளின் இயல்பு மின்னெதிர்ப்புக்கு (ஓடும் துடிப்புக்குக் கேபிள் காட்டும் எதிர்ப்புக்கு) நிகரான சுமை இல்லையென்றால் துடிப்பு மோதித் திரும்பும். முனையில் ஒன்றுமே இல்லாவிட்டால் முழுதாகத் திரும்பும். ஆர்எஸ்-485-க்கான கேபிளின் இயல்பு மின்னெதிர்ப்பு 120 ஓம். அதனால்தான் இரு கோடிகளிலும் முனைச்சுமையாக 120 ஓம். கேட்-5-க்கு அது 100 ஓம். அங்கே 120 வைத்தால் சுமார் 9 சதவீதம் மட்டும் திரும்பும், கவலைப்பட வேண்டியதில்லை.

இது எப்போது தொந்தரவு தருகிறது என்பதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 100 மீட்டர் கேபிளில் எதிரொலி போய்த் திரும்ப 1 மைக்ரோ வினாடி. வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு பிட்டின் நீளம் 104 மைக்ரோ வினாடி. பெறும் கருவி அதன் நடுவில்தான் பார்க்கிறது. அதற்குள் எதிரொலி பல முறை போய்வந்து அடங்கிவிடும். அதாவது, பெரும்பாலான குடியிருப்புகளின் மானி இணைப்புகளில் 120 ஓம் இல்லாதது கோளாறுக்குக் காரணமே இல்லை. இதுவே 1200 மீட்டரில் 115200 பிட் வேகம் என்றால், பிட்டின் நீளம் 8.7 மைக்ரோ வினாடி, எதிரொலி திரும்ப 12 மைக்ரோ வினாடி. அங்கே முனைச்சுமை இல்லாமல் ஓட்டவே முடியாது.

கிளைகளுக்கும் இதே கணக்குதான். கருவியிலிருந்து கருவிக்குச் சங்கிலியாகச் செல்வதே முறை. ஒரு மையத்திலிருந்து நட்சத்திரம்போல் பிரித்தால் ஒவ்வொரு கிளையின் நுனியும் ஓர் எதிரொலிச் சுவர். வேகம் குறைவாக இருக்கும்வரை தப்பிக்கலாம்; வேகத்தை ஏற்றிய அன்று வெளிப்படும்.

120 ஓம் போட்ட *பிறகு* கோளாறு வந்தது என்பாரும் உண்டு, அதுவும் சாத்தியமே. இரு கோடிகளிலும் போட்டால் ஏ-க்கும் பி-க்கும் இடையே 60 ஓம் நிற்கிறது. யாரும் அனுப்பாத நேரத்தில் அது இரு கம்பிகளையும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்துக்கு இழுத்துவிடுகிறது. வேறுபாடு 0.2 வோல்ட்டுக்குக் கீழே போனால் பெறும் கருவி தன்னிச்சையாக எதையும் சொல்லலாம். செய்தியின் முன்னும் பின்னும் பொய்யான எழுத்துகள் முளைக்கும். இதைத் தடுக்க ஒரு கம்பியை 5 வோல்ட்டுக்கும் மற்றதைக் கிரவுண்டுக்கும் ரெசிஸ்டரால் மெல்ல இழுத்து வைக்கிறார்கள். மலிவான கன்வெர்ட்டர்களில் காணப்படும் 4700 ஓம் இணை, 60 ஓமின் மேல் வெறும் 0.03 வோல்ட்தான் தரும். 560 ஓம் இணை 0.25 வோல்ட் தரும். ஒரு பிணையத்தில் ஒரே இடத்தில் மட்டும் இதைப் பொருத்தினால் போதும். புதிய வகைச் சிப்புகளில் இந்த எல்லை எதிர்மறை 0.05 வோல்ட்டுக்கும் கீழே நகர்த்தப்பட்டிருப்பதால் அவற்றுக்கு இந்த உதவி தேவைப்படாது.

ஷீல்டு, அதாவது கேபிளுக்குள் கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறை, பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதை ஒரு முனையில் எர்த்து செய்வது பொதுவான வழக்கம். பொதுக் கம்பிக்குப் பதிலாக ஷீல்டைப் பயன்படுத்துவது மட்டும் வேண்டாம்.

## அளந்து தேடும் வரிசை

1. கோளாறின் நேரத்தைக் கவனியுங்கள். ஒரு கருவி எப்போதுமே பேசவில்லை என்றால் முகவரி, வேகம், ஏ-பி திசை. எல்லாம் சேர்ந்து விட்டுவிட்டுத் தடுமாறினால் பொதுக் கம்பி, ஜோடி, ஓய்வு மின்னழுத்தம்.

2. எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஏ-க்கும் பி-க்கும் இடையே ஓம் அளவைப் பாருங்கள். 60-க்குச் சற்றுக் கீழே வந்தால் இரண்டு முனைச்சுமைகள் உள்ளன. 120-ஐ ஒட்டி வந்தால் ஒன்றுதான். 40 வந்தால், நடுவிலுள்ள ஏதோ ஒரு கருவியின் உள்சுவிட்ச் மூன்றாவது முனைச்சுமையைச் சேர்த்துவிட்டது.

3. மின்சாரம் கொடுத்து, கணினியின் விசாரிப்பை நிறுத்திவிட்டு, ஓய்வு வேறுபாட்டை அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் இருப்பது நல்லது.

4. தொலைவிலுள்ள கருவியில், பொதுக் கம்பியை இணைப்பதற்கு முன், அந்தக் கம்பிக்கும் கருவியின் பொது முனைக்கும் இடையே டிசி, ஏசி இரண்டிலும் அளந்து பாருங்கள். பம்பு ஓடும்போதும் ஒருமுறை. சில வோல்ட் என்றால் இணைக்கலாம். பத்துக்கணக்கில் என்றால் இணைக்காமல், முதலில் எர்த்தைப் பார்க்க மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

5. கருவிகளின் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். தரம் அனுமதிப்பது 32 முழுச் சுமைகள் (சாதாரணச் சிப்பு ஒன்று கம்பியில் ஏற்றும் பளு ஒரு முழுச் சுமை). எட்டில் ஒரு பங்கு சுமையுள்ள சிப்புகள் என்றால் 256 வரை போகலாம்.

6. இவையெல்லாம் சரியாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால், சங்கிலியை நடுவில் கழற்றிக் கணினி இருக்கும் பாதியை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அது சரியென்றால் மறுபாதியை மீண்டும் பாதியாக்குங்கள். கழற்றியதும் தொலைவிலுள்ள முனைச்சுமையும் சேர்ந்து போய்விடுவதால், அந்தச் சோதனையின்போது ஓம் அளவு 60 அன்று, 120 என்றே காட்டும்.